க்ளவுன் லோச் சாய்ந்து கிடந்தால் மருந்து ஊற்றலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்றடித் தொட்டியில் ஓராண்டாக மூன்று க்ளவுன் லோச் மீன்களை வளர்க்கிறார். கோடையில் சிறுவாணித் தண்ணீர் வரத்துக் குறைந்துவிட்டதால், சென்ற சனிக்கிழமை தொட்டியில் பாதிக்கு மேல் இறைத்துவிட்டுப் போர்த் தண்ணீரை நிரப்பினார். அன்று மாலையிலிருந்து ஒரு மீன் மரக்கட்டைக்கு அடியில் பக்கவாட்டில் சாய்ந்தே கிடக்கிறது. அதன் ஆரஞ்சு நிறம் சாம்பல் பூத்துவிட்டது. மற்ற இரண்டும் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக ஓயாமல் ஓடுகின்றன. கடைக்காரர் இது மன அழுத்தம் என்றும், நீல மருந்தை ஊற்றினால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார். இன்றோடு நான்கு நாள். மருந்தை ஊற்றலாமா என்று கேள்வி முடிகிறது. ஆனால் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தால் அவருடைய உண்மையான கலக்கம் வேறு என்று தெரிகிறது: இந்த மீனின் இயல்பான சேட்டை எது, ஆபத்தின் அறிகுறி எது, இரண்டையும் எதைக் கொண்டு பிரித்தறிவது? அதற்குத்தான் விரிவாகப் பதில் எழுதுகிறேன். மருந்துக்கான விடை அதிலிருந்தே வந்துவிடும். அவசரத்துக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இன்று மருந்து வேண்டாம், ஏர் பம்ப் நிற்காமல் ஓடட்டும், இரண்டு நாளைக்குத் தீனியை நிறுத்துங்கள்.

நான் மீன்வளப் படிப்புப் படித்தவன். உணவு மீன் பண்ணைகளில் நீர்த்தரம் பார்ப்பது என் பிழைப்பு. லோச் வளர்ப்பது அதற்கு அப்பாற்பட்ட, இருபது ஆண்டுகளைத் தாண்டிய பழக்கம். மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் அல்லன். உங்கள் மீனை நேரில் பார்க்கவும் இல்லை. ஆகவே நீர் பற்றி நான் சொல்வதை உறுதியாகவும், மீனின் நடத்தை பற்றிச் சொல்வதை ஒரு வளர்ப்பாளனின் அனுபவமாகவும், நோய் பற்றிச் சொல்வதை எச்சரிக்கையோடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்ன 'மன அழுத்தம்' என்ற சொல்லில் பிழை இல்லை. ஆனால் அது எதையும் விளக்கவில்லை. மீனுக்கு ஒரு நெருக்கடி வந்தால் அதன் தலைச் சிறுநீரகப் பகுதியிலுள்ள திசு கார்டிசால் என்ற சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. துரத்தும் பகையிடமிருந்து தப்பி ஓட அது சில மணி நேரத்துக்கு உதவும். அதே சுரப்பு நாட்கணக்கில், வாரக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் பசி குறையும், நோய் எதிர்ப்பு தளரும், உடலின் உப்புச் சமநிலை கெடும். இவ்வளவும் ஆய்வுக்கூடங்களில் பல வகை மீன்களில் பார்த்து நிறுவியவை. எனவே அழுத்தம் என்பது ஒரு நோயின் பெயர் ஆகாது. எதற்கோ உடல் காட்டும் எதிர்வினை அது. அந்த 'எதற்கோ' என்ன என்று தெரியாமல் மருந்து ஊற்றுவது, வீட்டில் புகை வந்தால் ஜன்னலுக்கு வாசனைத் திரவியம் அடிப்பதைப் போன்றது.

சாய்ந்து கிடப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான மீன்கள் பக்கவாட்டில் படுத்தால் பயப்பட வேண்டும். க்ளவுன் லோச் அதற்கு விதிவிலக்கு. நன்றாகச் சாப்பிட்டு நலமாக இருக்கும் க்ளவுன் லோச், கல் இடுக்கில் ஒருக்களித்தும், கட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தலைகீழாகச் செருகிக்கொண்டும், சில வேளைகளில் தொட்டியின் நட்டநடுவில் செத்தது போல மல்லாந்தும் ஓய்வெடுக்கும். ஏன் அப்படிப் படுக்கிறது என்பதற்கு நிறுவப்பட்ட விளக்கம் எதையும் நான் படித்ததில்லை. இடுக்குகளில் ஒண்டி வாழும் மீனுக்கு எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பது பெரிய விஷயமில்லை என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். என் முதல் க்ளவுன் லோச்சை வாங்கி வந்த மூன்றாம் நாள் அது இப்படிக் கிடந்தது. செத்துவிட்டது என்று உறுதியாக நம்பி, நாறுவதற்குள் எடுத்துவிடலாம் என வலையை விட்டேன். வலை அதன் வயிற்றைத் தொட்டதும் அது தெறித்து எழுந்தது, கண்ணுக்குக் கீழே மடங்கியிருந்த முள் விரிந்து வலையின் நூலில் சிக்கிக்கொண்டது. கையால் பிடுங்கினால் முகம் கிழியும் என்பதால், மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நகவெட்டியால் வலையின் கண்ணிகளை ஒவ்வொன்றாக வெட்டி விடுவித்தேன். 1852இல் டச்சு மருத்துவர் பிளீக்கர் இந்த மீனுக்கு மாக்ரகாந்தஸ் என்று பெயரிட்டபோது அந்த முள்ளைத்தான் நினைத்தார். 'பெரிய முள்' என்பது அதன் பொருள். அந்த மீன் அதற்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் என்னிடம் இருந்தது.

ஆகவே படுத்திருப்பதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. எப்படி எழுகிறது என்பதைப் பாருங்கள். ஓய்வெடுக்கும் மீனுக்கு அருகில் விரலைக் கண்ணாடியில் வைத்தாலோ, தீனி மணம் தண்ணீரில் பரவினாலோ அது உடனே நிமிர்ந்து, துடுப்புகளை விரித்து, நேராக நீந்தும். நலமில்லாத மீன் எழ முயன்று மீண்டும் சாயும். அல்லது நீந்தும்போதே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அல்லது ஃபில்டரின் நீரோட்டம் தள்ளும் திசையில் சருகு போல நகரும். முதல் வகை என்றால் நிம்மதி. மற்றவற்றில் எதைப் பார்த்தாலும் அது சோம்பல் இல்லை.

நிறம் வெளுப்பதிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. க்ளவுன் லோச்கள் தமக்குள் யார் பெரியவர் என்று மோதிக்கொள்ளும்போது ஆரஞ்சு நிறம் மங்கிச் சாம்பலாகி, கரும்பட்டைகளின் விளிம்பு மழுங்கிவிடும். இரண்டும் ஒன்றையொன்று உரசியபடி வட்டமடிக்கும், 'டக், டக்' என்ற சத்தம் வெளியே கேட்கும். கண்ணாடியில் கூழாங்கல் மோதியது போன்ற அந்தச் சத்தத்தை நடுராத்திரியில் கேட்டு, தொட்டி விரிசல் விட்டுவிட்டதோ என்று டார்ச் லைட்டோடு ஓடி வந்தவர்களை எனக்குத் தெரியும். சண்டை ஓய்ந்தால் நிறம் சில மணி நேரத்தில் திரும்பிவிடும். புதிதாக வாங்கி வந்த மீன் ஓரிரு நாள் வெளுத்திருப்பதும் இயல்பு. நான்கு நாளாகத் தொடர்ந்து வெளுப்பு என்பது இந்த இரண்டிலும் அடங்காது. உடலின் மேல் பால் படிந்தாற்போல மங்கலான ஏடு தெரிகிறதா என்று பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அப்படித் தெரிந்தால் தோலை ஏதோ உறுத்துகிறது, அதனால் மீன் கூடுதலாகக் கோழை சுரக்கிறது என்று பொருள். உறுத்துவது நீராகவும் இருக்கலாம், ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம்.

கண்ணாடியோரம் ஓடுவதை வளர்ப்பாளர்களில் சிலர் நடனம் என்பார்கள், சிலர் தவிப்பு என்பார்கள். இரண்டும் இருக்கிறது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் ஆறுகளில் வாழும் இந்த மீன், மழைக்காலத் தொடக்கத்தில் இனப்பெருக்கத்துக்காகக் கிளையாறுகளை நோக்கிப் போகிறது. தண்ணீர் மாற்றியவுடன், அதிலும் புதுத் தண்ணீர் சற்றுக் குளிர்ச்சியாக இருந்தால், என் மீன்கள் அனைத்தும் சேர்ந்து அரை மணி நேரம் ஏறி இறங்கி ஓடும், பிறகு அடங்கிவிடும். இது மழையின் ஞாபகம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது என் ஊகம். ஓட்டம் அடங்காமல் நாள் முழுவதும் நீடித்தால், கூட்டம் போதாமை, கண்ணாடியில் தன் உருவம் தெரிவது, ஒளிய இடமில்லாமை, தண்ணீர் பிடிக்காமை ஆகிய நான்கில் ஒன்று காரணமாக இருப்பதை அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் மூன்றும் உங்கள் தொட்டியில் ஓராண்டாக மாறவில்லை. சனிக்கிழமை மாறியது தண்ணீர் மட்டும்தான்.

இந்த மூன்று அறிகுறிகளும் இப்படி இருபொருள் தருவதால், என்னளவில் லோச்சின் நலத்தை மூச்சை வைத்துத்தான் கணிக்கிறேன். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, மீன் அசையாமல் இருக்கும்போது, செவுள் மூடி எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று முப்பது விநாடிக்கு எண்ணுங்கள். இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று பொதுவான எண் எதையும் நான் தரமாட்டேன். வெப்பநிலை, மீனின் அளவு, அது சாப்பிட்ட நேரம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். அதே தொட்டியில் ஓடும் மற்ற இரண்டும் ஓயும் நேரத்தில் அவற்றுக்கும் எண்ணுங்கள். படுத்திருக்கும் மீன், சும்மா கிடந்தும், ஓடிக் களைத்தவற்றைவிட வேகமாக மூச்சு விட்டால் செவுளில் கோளாறு இருக்கிறது. செவுள் மூடி முழுவதும் மூடாமல் விரிந்தே நின்றாலும், ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்தாலும் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அசைவது செவுள் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வைக்கும்.

மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்குகிறதா என்பதையும் கவனியுங்கள், ஆனால் இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். லோச் என்பது பெரிய கூட்டம். நம்மூர் அயிரையும் அதில் சேர்ந்ததுதான். மதுரைப் பக்கம் குழம்புக்கு உயிரோடு வாங்கி வந்த அயிரையைப் பானையில் விட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, அவை ஒவ்வொன்றாக விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு அடிக்குப் போவது நினைவிருக்கும். அயிரையின் குடும்பத்தைச் சேர்ந்த பல மீன்கள் விழுங்கிய காற்றிலிருந்து குடலின் பின்பகுதி வழியாக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தை ஆசனவாய் வழியே குமிழியாக விட்டுவிடும். கூலி லோச்சும் வெதர் லோச்சும் அந்தக் குடும்பம்தான். அவை அவ்வப்போது மேலே வந்து காற்றெடுத்தால் பதற வேண்டியதில்லை. புயலுக்கு முன் காற்றழுத்தம் குறையும்போது வெதர் லோச் நிலைகொள்ளாமல் துள்ளுவதும் அதன் பெயர்க் காரணமான இயல்புதான். க்ளவுன் லோச் வேறு குடும்பம். அது மேற்பரப்பில் வாயைத் திறந்துகொண்டு தொங்கினால், கூலி லோச்சுக்குச் சொல்லும் ஆறுதலை இதற்குச் சொல்லாதீர்கள். அது மூச்சுத் திணறல்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணை நிறுத்திய வரி இதுதான், என் பிழைப்பும் இதுவே என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன். கோவை வீடுகளில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. சிறுவாணி நல்ல தண்ணீர். மிக மென்மையானது, கரைந்த உப்புகள் குறைவு. க்ளவுன் லோச்சுக்கு அது பிடித்தமான தண்ணீரும்கூட. ஆனால் மென்மையான நீரில் கார்பனேட் இருப்பு, அதாவது டெஸ்ட் கிட்டில் கேஎச் என்று வருவது, குறைவாகவே இருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும்போது, ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் ஏறத்தாழ ஏழு கிராம் அளவுக்குக் காரத்தன்மை செலவாகிறது. இருப்பே குறைவான தண்ணீரில் இந்தச் செலவு தொடர்ந்தால், தண்ணீர் மாற்றும் இடைவெளி நீளும்போது பிஎச், அதாவது நீரின் அமில-கார அளவு, மெல்ல இறங்கும். 6.5க்குக் கீழே அந்த நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகும். 6ஐ நெருங்கினால் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதன் பிறகு அம்மோனியா தொட்டியிலேயே சேரும்.

சேர்ந்தும் மீன் நன்றாகத்தான் இருக்கும், அதுதான் இதில் உள்ள சூழ்ச்சி. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் என்ற வடிவம் செவுளைக் கடந்து எளிதில் உள்ளே போகாது. அயனியாகாத அம்மோனியா போகும், அதுவே நஞ்சு. இரண்டுக்கும் இடையே உள்ள விகிதத்தைத் தீர்மானிப்பது முதன்மையாகப் பிஎச், அடுத்தது வெப்பநிலை. 28 டிகிரியில், பிஎச் 6 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நஞ்சான பகுதி நூற்றுக்கு 0.07 மட்டுமே. பிஎச் 8 ஆனால் அது நூற்றுக்கு ஆறரை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை உங்கள் தொட்டியில் பிஎச் 6ஆகவும், லிட்டருக்கு 2 மி.கி. அம்மோனியாவும் இருந்தது என்று வைத்துக்கொண்டால், நஞ்சு லிட்டருக்கு 0.0014 மி.கி. தான், மீனுக்கு உறைக்காது. சனிக்கிழமை பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் கடினமான போர்த் தண்ணீரை ஊற்றியதும் மொத்த அம்மோனியா ஒன்றாகக் குறைகிறது, ஆனால் பிஎச் 8ஐத் தொடுகிறது. நஞ்சு 0.065 மி.கி. ஆகிவிட்டது. கழிவைப் பாதியாகக் குறைத்தீர்கள், விஷம் ஏறத்தாழ நாற்பத்தாறு மடங்காகிவிட்டது. 0.02க்கு மேல் போனாலே பண்ணைகளில் நாங்கள் கவலைப்படத் தொடங்குவோம்.

உங்கள் தொட்டியில் இதுதான் நடந்தது என்று நான் சத்தியம் செய்யவில்லை. வெள்ளிக்கிழமையின் அளவு நம்மிடம் இல்லை. எனினும் ஓராண்டுத் தொட்டி, மென்மையான நீர், தண்ணீர் வரத்துக் குறைந்ததால் தள்ளிப்போயிருக்கக்கூடிய மாற்றம், பிறகு ஒரேயடியாகப் பாதிக்கு மேல் போர்த் தண்ணீர், அன்று மாலையே அறிகுறி என்ற வரிசை இதற்குப் பொருந்துகிற அளவுக்கு வேறு எதற்கும் பொருந்தவில்லை. இன்னொரு சாத்தியம், கரைந்த உப்பின் அளவு ஒரே நேரத்தில் பல மடங்கு எகிறியது. கோவையில் பல தெருக்களில் போர்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு ஆயிரம் மி.கி.யைத் தாண்டுவது அரிதல்ல. உப்புக் குறைந்த நீருக்குப் பழகிய மீனின் உடல், புது அளவுக்கு ஏற்பத் தன் செவுளையும் சிறுநீரகத்தையும் மாற்றிக்கொள்ள நாட்கள் எடுக்கும். கடின நீரில் க்ளவுன் லோச் வாழாது என்பது மிகை. படிப்படியாகப் பழக்கினால் ஓரளவு கடினத்தைத் தாங்கும். ஒரே மதியத்தில் மாற்றினால்தான் தாங்காது. இந்த இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கவும் வாய்ப்புண்டு. போர்த் தண்ணீர் இல்லாமல் லாரித் தண்ணீராக இருந்தால் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும் வாய்ப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே இன்று செய்ய வேண்டியது அளப்பது. சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட்டில் பிஎச், அம்மோனியா, நைட்ரைட், கேஎச் நான்கையும் பாருங்கள். தாள் பட்டையை நான் நம்புவதில்லை. தொட்டி நீரோடு, போர்த் தண்ணீரையும் தனியாக அளக்க வேண்டும். குழாயிலிருந்து பிடித்தவுடன் ஒரு முறையும், ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்த பிறகு ஒரு முறையும் அளவு எடுங்கள். ஆழத்திலிருந்து வரும் நீரில் கரியமில வாயு மிகுந்திருப்பதால் பிடித்தவுடன் பிஎச் குறைவாகக் காட்டும். காற்றேறிய பிறகுதான் உண்மை முகம் தெரியும். நான்காம் நாள் அம்மோனியா பூஜ்யம் என்று வந்தால் அதை வைத்துச் சனிக்கிழமைக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். பிஎச் ஏறியதும் ஃபில்டர் நுண்ணுயிர்கள் மறுபடி வேலைக்கு வந்து அதைத் தின்று முடித்திருக்கலாம். அப்போது நைட்ரைட் ஏறியிருக்கும். நைட்ரைட் இரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது, இரத்தம் பழுப்பாகிறது, தண்ணீரில் எவ்வளவு காற்று இருந்தாலும் மீன் திணறுகிறது. நைட்ரைட் தெரிந்தால் நூறு லிட்டருக்குப் பத்து கிராம் சாதாரண உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். அதிலுள்ள குளோரைடு, செவுள் வாசலில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும். லோச்சுக்கு உப்பே ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. இந்தச் சிறு அளவுக்கு அது பொருந்தாது. கைநிறைய அள்ளிப் போடுவதற்குத்தான் பொருந்தும்.

அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு மட்டும், நாள்தோறும், இப்போது தொட்டியிலுள்ள நீரை ஒத்த நீரால் மாற்றுங்கள். பக்கத்து வீட்டில் சிறுவாணி கிடைத்தது என்று மறுபடி பாதித் தண்ணீரை மாற்றிவிடாதீர்கள்; அது மீனுக்கு இன்னொரு சனிக்கிழமை. ஏர் பம்பை இரவிலும் நிறுத்தக் கூடாது. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மி.கி. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 7.5தான். கோடையில் மீனின் தேவை கூடுகிறது, தண்ணீரின் கையிருப்பு குறைகிறது. மின்வெட்டு இருக்கும் பகுதி என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். விளக்கை அணைத்து, தொட்டியின் மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டிவிடுங்கள். மீனைத் தூக்கித் தனி வாளியில் போட வேண்டாம். கூட்டத்திலிருந்து பிரிப்பதே இதற்கு ஒரு தண்டனை, அத்தோடு வலை வேறு.

இப்போது நீல மருந்து. அது மெத்திலீன் ப்ளூ என்று வைத்துக்கொள்கிறேன். முட்டைகளில் பூஞ்சை வராமல் தடுக்கவும், தனி வாளியில் சில சிகிச்சைகளுக்கும் அது பயன்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரோடு கூடிய தொட்டியில் ஊற்றினால், அம்மோனியாவை மாற்றும் அதே நுண்ணுயிர்களை அது தாக்கும். என் ஊகம் சரியென்றால், உங்கள் மீனைக் காப்பாற்ற இப்போது உழைத்துக்கொண்டிருப்பவை அவைதான். ஊற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதன் காரணம் இதுவே. கடைக்காரரைக் குறை சொல்லவும் இதில் ஒன்றுமில்லை. வாசலில் வந்து நிற்பவர் கையில் டெஸ்ட் கிட் அளவுகள் இல்லாதபோது, அவரிடம் இருக்கும் புட்டியைத்தான் அவர் நீட்ட முடியும்.

மருந்து தேவைப்படும் ஒரு நிலைமை வரக்கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன். அழுத்தத்தில் இருக்கும் க்ளவுன் லோச்சுக்கு ஒரு வாரத்துக்குள் வெள்ளைப்புள்ளி நோய் வருவது மிகச் சாதாரணம். வீட்டு மீன்களில் இந்த ஒட்டுண்ணி முதலில் தேடிப் போவது இதைத்தான் என்று சொல்லுமளவுக்குப் பார்த்திருக்கிறேன். ரவை தூவியது போன்ற புள்ளிகள் ஆரஞ்சு நிறத்தின் மேல் சட்டென்று தெரியாது. கரும்பட்டைகளின் மேலும் துடுப்புகளின் மேலும் டார்ச் அடித்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை எந்த மருந்தும் தொடாது. அது உதிர்ந்து, தரையில் பெருகி, குஞ்சுகளாக நீந்தி வரும் கட்டத்தில்தான் கொல்ல முடியும். வெப்பநிலையைக் கூட்டுவது அந்தச் சுழற்சியை வேகப்படுத்துவதற்காகத்தான். 30 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி, காற்றோட்டத்தையும் கூட்டி, புள்ளி மறைந்த பிறகும் விடாமல் பத்து முதல் பதினான்கு நாள் வைப்பது வழக்கம். வெப்பத்துக்கு அடங்காத வகைகளும் உண்டு என்பதால் இது எப்போதும் போதாது.

மாலகைட் கிரீன், தாமிரம் கலந்த மருந்துகளை லோச்சுக்குப் புட்டியில் போட்டிருக்கும் அளவில் பாதி கொடுப்பதே நடைமுறை. லோச்சுக்குச் செதிலே இல்லை என்பது சரியல்ல. க்ளவுன் லோச்சுக்கு நுண்ணிய செதில்கள் தோலுக்குள் புதைந்திருக்கின்றன. ஆயினும் மருந்தை அது தாங்கும் அளவு குறைவு என்பது அனுபவத்தில் உறுதி. அந்த உறுதியை நான் விலை கொடுத்து வாங்கினேன். வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஐந்து மீன்களுக்குப் புள்ளி வந்தது. புட்டியில் எழுதியிருந்ததை அப்படியே அளந்து ஊற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் நான்கு மீன்கள் ஃபில்டர் குழாயின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இந்த மீன்தான் அப்படிப் படுக்கும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்ததால் ஒரு மணி நேரம் அவை ஓய்வெடுப்பதாகவே நினைத்திருந்தேன்.

மெலிவு பற்றியும் ஒரு சொல். கடைக்கு வரும் க்ளவுன் லோச்களில் பல இந்தோனேசிய ஆறுகளில் பிடிபட்டவை. பிடித்த நாளிலிருந்து உங்கள் தொட்டிக்கு வரும்வரை பல கை மாறியவை. மேலிருந்து பார்க்கும்போது தலைக்குப் பின்னால் குழி விழுந்து, முதுகு கத்தி விளிம்பு போலத் தெரிந்தால், நன்றாகத் தின்றும் மெலிந்தால், குடல் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். லெவாமிசோல் போன்ற குடற்புழு மருந்துகள் அதற்குப் பயன்படுகின்றன, ஆனால் அளவை ஒரு கால்நடை மருத்துவரிடமோ மீன்வளக் கல்லூரியிலோ கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் மீன் ஓராண்டாக நலமாக இருந்ததாக எழுதியிருப்பதால் இதை நான் முன்னால் வைக்கவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மூன்று என்பது இந்த மீனுக்கு ஏற்ற எண்ணிக்கை இல்லை. மூன்றில் ஒன்று தலைமை ஏற்கும், ஒன்று ஒத்துப்போகும், மிஞ்சிய ஒன்றின் மேல் எல்லா இடியும் விழும். ஐந்தாறு இருந்தால் அந்த இடி பங்கிடப்படும். இப்போது கட்டைக்கு அடியில் கிடப்பது ஓராண்டாகக் கடைசியில் சாப்பிட்டு வந்த மீன்தானா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படியானால் தண்ணீர் ஒன்றே மூன்றுக்கும் என்றாலும் அதை மட்டும் ஏன் கூடுதலாகத் தாக்கியது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மூன்றடித் தொட்டியில் இன்னும் மூன்றை வாங்கி விடச் சொல்லவும் என்னால் முடியாது. அதில் நூற்று இருபது லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். இந்த மீன் இருபது சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், முப்பதையும் தொடக்கூடும், இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கக்கூடியது. ஆறடித் தொட்டிக்கு இடமும் மனமும் இருந்தால் கூட்டத்தைப் பெருக்குங்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் மூன்றையும் சேர்த்தே கொடுப்பது நல்லது. எப்படியானாலும் இந்த மீன் தேறும்வரை புது மீன் எதையும் உள்ளே விட வேண்டாம், எப்போது இடம் மாற்றினாலும் வலையில் பிடிக்காமல் வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்துப் பிடியுங்கள்.

நான்கு அளவுகளையும், முப்பது விநாடி மூச்சு எண்ணிக்கையை மூன்று மீன்களுக்கும் தனித்தனியாகவும், போர்த் தண்ணீரின் ஒரு நாள் கழிந்த பிஎச்சையும் இங்கேயே எழுதுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக வந்து, மீன் மூச்சிரைத்தபடியே இருந்தால் தண்ணீர் பற்றி நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, செவுள் ஒட்டுண்ணியிலிருந்து மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.